ஜீப் மலையேறும் முன்: ஏலத்தோட்டப் பெண்களுக்கு நோய் கண்டறியும் முகாம்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி வட்டாரத்தில் விடியக்காலை ஐந்து மணிக்கே ஜீப் ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிடும். கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, இடுப்பில் சுருட்டிய பிளாஸ்டிக் தாள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று பாதைகளிலும் ஜீப்புகள் ஏறி, கேரளத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும். இவர்கள் திரும்பி வந்து இறங்க மாலை ஆறு, ஆறரை ஆகும். மருத்துவ முகாமுக்கோ காலை பத்து முதல் மதியம் ஒன்று வரை என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம்.

அந்த முகாமுக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்கள். பாதிப் பேர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், போன மாதமும் வந்தவர்கள். நூறு பேர் என்ற இலக்கு நிறைந்துவிடும், படமும் எடுத்தாகிவிடும். முப்பதிலிருந்து ஐம்பது வயதுவரை உள்ள, இதுவரை ஒருமுறைகூட சோதனை செய்யாத பெண்கள் அந்த நேரத்தில் மலையில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தேசியத் திட்டம் பிரஷர், சுகர், வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஐந்துக்கும் முப்பது வயது முதல் எல்லோரையும் பார்க்கச் சொல்கிறது. எல்லையோரத்தில் அந்த எல்லோரும் அகப்படும் நேரம் இரண்டே: மாலை ஆறரைக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. இதை ஒப்புக்கொள்ளாத முகாமுக்குச் செலவழிப்பது வீண்.

ஜீப் ஸ்டாண்டிலேயே நின்று பிரஷர் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வண்டியைப் பிடிக்க ஓடிவந்தவர், அப்போதுதான் டீ குடித்தவர், வாயில் வெற்றிலை புகையிலை, பேசிக்கொண்டே கையை நீட்டுகிறார், சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றும் அளவைச் சில புள்ளிகள் ஏற்றும். எல்லாம் சேர்ந்தால் 130 இருப்பவர் 150 ஆகிவிடுவார். அவருக்கு ஒரு சீட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை, ஒரு நாள் கூலி இழப்பு. அங்கே போனால் 'ஒண்ணுமில்லம்மா' என்பார்கள். அடுத்த முறை நிஜமாகவே 170 இருந்தாலும் அந்தப் பெண் நம்பமாட்டார். பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் சேர்ந்து நம்பமாட்டார்கள்.

மாலை முகாமில் முதலில் பாய் விரித்து, அல்லது சாய்மானம் உள்ள நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பெயர், வயது எழுதும் வேலையை அந்த நேரத்தில் செய்துகொண்டால் ஐந்து நிமிட ஓய்வு தானாகக் கிடைத்துவிடும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது, கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில். டீயோ புகையிலையோ போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சேலைக் கட்டு, ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றாதீர்கள்; சுருட்டிய துணியே கையைக் கட்டிவிடும். இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில் பார்த்துச் சராசரியை எழுதுங்கள்.

பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையின் அளவை யாரும் கவனிப்பதில்லை. மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தோட்ட வேலை செய்யும் ஒல்லியான பெண்கள் சிலரின் கை 22-க்குக் கீழே இருக்கும். அதில் பெரிய பட்டை சுற்றினால் பிரஷர் குறைத்துக் காட்டும். பருத்த கையில் சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். தையல் டேப் ஒன்று, சிறியதும் பெரியதுமாக இரண்டு பட்டைகள் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் இறங்கும்போது சில மிஷின்கள் பட்டையை முழுக்க ஏற்றாமல் பிழை காட்டும், ஆள் மாற்றி ஆள் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

140-க்கு 90 என்பது ஒரே நாளில் முடிவு செய்யும் விஷயமல்ல. இன்னொரு நாளும் பார்த்துத்தான் நோய் என்று எழுத வேண்டும். 180-க்கு 110 தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் 108. கர்ப்பிணிக்கு 140-க்கு 90 இருந்தாலே காத்திருக்கக் கூடாது.

ஸ்டாண்டில் பிரஷர் பார்க்கக் கூடாது என்றேன். சுகருக்கு அதே ஸ்டாண்டுதான் சரியான இடம். மாலை முகாமில் ஊசிகுத்திப் பார்க்கும்போது சாப்பிட்ட நேரம் தெரியாது, அதனால் 140 தாண்டியவர்களை மறுபடி வெறும் வயிற்றில் பார்க்க வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் வாருங்கள் என்று லேபுக்கு அனுப்பினால் லேப் திறப்பதற்குள் ஜீப் மெட்டு தாண்டியிருக்கும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தப் பெண்கள் எல்லோரும் வெறும் வயிறுதான். முதல்நாள் இரவே 'நாளைக்கு டீ குடிக்காம வாங்கக்கா' என்று சொல்லிவைத்தால், ஒரு தன்னார்வலர் ஒரு குளுக்கோமீட்டரோடு நின்று பதினைந்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிடலாம். விரலில் 126-ம் அதற்கு மேலும் வந்தவர்களுக்கு மட்டும் நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்யும் நாள் குறித்தால் போதும். ஒருவர் இழக்கும் கூலி ஒரு நாளோடு நிற்கும்.

ஊசி குத்தும் வேலையில் பிழை வரும் இடங்கள் தெரிந்தவைதான், ஆனாலும் வந்துகொண்டே இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழமோ வெல்லமோ தொட்ட கை சுகரைக் கூட்டிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரத்தில் குத்தினால் ரத்தம் கலங்கும். தோட்டக் கை காய்த்துப்போயிருக்கும், விரல் நுனியில் குத்தினால் வராது. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். மார்கழிக் குளிரில் விரல் விறைத்திருந்தால் கையைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டுக் குத்துங்கள். ரத்தம் வரவில்லை என்று பிழிந்தால் சதைநீர் கலந்து அளவு மாறும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்துபோட்டு வேலை பார்ப்பதுதான் மழைக்காலத்தில் பெரிய கேடு. ஈரம் ஏறிய ஸ்ட்ரிப் எதையாவது காட்டும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு ஊசி, குத்திய ஊசி தடித்த பிளாஸ்டிக் டப்பாவில், டப்பா முக்கால் நிறைந்ததும் மூடி ஆஸ்பத்திரிக் கழிவோடு போக வேண்டும். நூறு பேருக்கு 120 ஸ்ட்ரிப், 120 ஊசி கணக்கு வையுங்கள், இருபது எப்படியும் வீணாகும்.

இன்னொன்று. ரத்தசோகை கடுமையாக இருந்தால் பல குளுக்கோமீட்டர்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் இரும்புச்சத்துக் குறைவில் ஏறித் தெரியும். கண் இமையும் நாக்கும் வெளுத்த பெண்ணுக்கு 150 வந்தால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் சர்க்கரை நோயாளி என்று முத்திரை குத்த வேண்டாம்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு வருவோம். நேரமும் பயிற்சியும் அதிகம் கேட்பது இது, பலன் அதிகம் தருவதும் இதுதான். புற்றுச் சோதனையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கங்களுக்கும் உலக மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு, நம்மூரில்தான் யாரும் பேசுவதில்லை. பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளையாகத் தெரிந்தவர்களில் தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996-ல் தொடங்கிய இன்னோர் ஆய்வு வாயைத் திறந்து பார்ப்பதைப் பற்றியது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. இரண்டையும் வழிநடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். முதல் சோதனைக்கு ஸ்கேன் இல்லை, லேப் இல்லை. பயிற்சி பெற்ற கண்ணும் ஒரு டார்ச்சும்தான்.

கரைசல் தயாரிப்பதில் கவனம் வேண்டும். 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் 5 சதவீதக் கரைசல். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், மிச்சத்தை அன்றே கொட்டிவிட வேண்டும். கலக்காத அமில பாட்டிலை முகாம் மேஜைக்கே கொண்டுவராதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே கலந்து, பெயரும் தேதியும் ஒட்டிக் கொண்டுவாருங்கள். பாட்டில் மாறிப்போனால் அந்தப் பெண்ணுக்குத் தீக்காயம், அந்த ஊரில் அதோடு எல்லா முகாமும் முடிந்தது.

சோதனைக்கு முன் மூன்று கேள்வி: மாதவிலக்கா, கர்ப்பமா, கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டதா. இந்த வட்டாரத்தில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்த பெண்களைப் பார்க்கலாம். கேட்காமல் படுக்கவைத்துவிட்டு விழிப்பது இருவருக்கும் சங்கடம். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய எல்லைக்கோடு (கருப்பைவாயின் உள்தோலும் வெளித்தோலும் சேரும் இடம்) உள்ளே ஏறிவிடுவதால் இந்த முறை சரிவராமல் போகலாம். அவர்களை, இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடிக்கும் எச்.பி.வி. சோதனைக்கு அனுப்புவது நல்லது.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஸ்பெகுலம் (கருப்பைவாய் தெரியும்படி விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்ததும் அமிலம் தடவும் முன்பே ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தொட்டால் ரத்தம் வரும் வளர்ச்சி இருந்தால் அங்கேயே நிறுத்தி, நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சளியைத் துடைத்து, நனைத்த பஞ்சை ஒற்றி ஒரு முழு நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. வெளியே வரிசை நிற்கிறது என்று இருபது வினாடியில் பார்த்து 'நார்மல்' என்று எழுதுவார்கள். கடிகாரம் பார்த்துப் பொறுங்கள். எல்லைக்கோட்டை ஒட்டி, கெட்டியாக, சுண்ணாம்பு பூசியதுபோல் விளிம்பு தெளிவாகத் தெரியும் வெள்ளைதான் பாசிட்டிவ். மங்கலான, கோடுபோன்ற, திட்டுத்திட்டாகத் தள்ளித் தெரிவது பாசிட்டிவ் அல்ல. பார்த்ததை ஒரு வட்டம் போட்டு, கடிகார முள் கணக்கில் எத்தனை மணிப் பக்கம் என்று குறியுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை எல்.இ.டி. விளக்கு வேண்டும்; மஞ்சள் பல்பில் வெள்ளை எது, வெளிறல் எது என்று தெரியாது. மலையடிவாரத்தில் கரண்ட் போகும், தலையில் மாட்டும் டார்ச் ஒன்று உபரியாக இருக்கட்டும்.

ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை என்றால் ஒரு நர்சுக்குப் பன்னிரண்டு பேர். ஐம்பது பேருக்கு டோக்கன் கொடுத்தால் முப்பத்தெட்டுப் பேரைத் திருப்பி அனுப்புவீர்கள், அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு பதினைந்து ஸ்பெகுலம். பயன்படுத்தியதை 0.5 சதவீத குளோரின் நீரில் பத்து நிமிடம் ஊறப்போட வேண்டும். 35 சதவீத பிளீச்சிங் பவுடரானால் லிட்டருக்கு 14 கிராம். அதற்கு மேல் ஊறினால் எஃகு அரிக்கும். அப்புறம் கழுவி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு.

பாசிட்டிவ் என்று வந்த பெண்ணை 'அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்று அனுப்பினால் பலர் போகமாட்டார்கள். க.விலக்கில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வர ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வீட்டில் பதில் சொல்லும் பாடு. அதனால் அன்றே சிகிச்சை என்பதுதான் இந்த முறையின் உயிர். வெள்ளைப் பகுதி கருப்பைவாயில் முக்கால் பங்குக்குள் இருந்து, உள்குழாய்க்குள் போகாமல், புற்றுச் சந்தேகமும் இல்லையென்றால் சூட்டுக் கருவியால் அங்கேயே சுட்டுவிடலாம். நுனி சுமார் 100 டிகிரி சூடேறும், சில பத்து வினாடிகளில் முடியும், மயக்கமருந்து பெரும்பாலும் தேவைப்படாது. குளிரால் உறையவைக்கும் சிகிச்சைக்கு வேண்டிய வாயு சிலிண்டரை மலைப்பாதையில் தூக்கித் திரிவதைவிட, பேட்டரியில் ஓடும் இந்தக் கருவி எவ்வளவோ மேல். பிறகு நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்போல் வெள்ளைப்படும், நாலு வாரம் தாம்பத்தியம் கூடாது. இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் 'சுட்டதுல ஏதோ ஆயிருச்சு' என்று தோட்டத்து வரிசைவீடுகளான லயம் முழுக்கப் பரவும்.

வாய்க்கு அவ்வளவு நேரம் வேண்டாம். டார்ச், இரண்டு மரக்குச்சி. உதட்டின் உள்பக்கம், இரு கன்னம், ஈறு, நாக்கின் மேல், ஓரம், அடி, அண்ணம் எல்லாம் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் கன்னத்தை இரண்டு முறை பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய். இவற்றில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

காசநோயாளி எங்கே போனார் என்று கேரளமும் தமிழ்நாடும் ஒன்றையொன்று கேட்டுத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டு வார இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை, சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் சளி எடுக்க வேண்டும். ஒன்று அப்போதே, இன்னொன்று மறுநாள் விடியலில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு. விடியல் டப்பாவை ஸ்டாண்டில் நிற்கும் தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டு ஜீப் ஏறலாம். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச்சளி வேண்டும். நோய் உறுதியானால் வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதுவதோடு வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். மழையில் தார்ப்பாய் இறக்கிக் கட்டிய ஜீப்பில் தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி நேரம் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறவர்கள் வீட்டாரைவிடக் குறைந்த நெருக்கமா? ஜீப்பில் வருகிறவர்கள் பெயரையும், தங்கி வேலை செய்தால் லயத்தில் அதே அறையில் இருப்பவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

காசநோயாளிக்கு அரசுப் பதிவில் தரும் நிக்ஷய் எண் இந்தியா முழுக்கச் செல்லும். உத்தமபாளையத்தில் ஆரம்பித்த ஆறு மாத மாத்திரையை நெடுங்கண்டத்தில் தொடரலாம், ஆனால் யாராவது கணினியில் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் நோயாளி மட்டும் போனால் இங்கே 'காணவில்லை', அங்கே 'புதியவர்'. பெயர்க் குழப்பமும் சேரும். நம் பக்கம் இனிஷியல் முன்னால், அவர்கள் பக்கம் பலருக்குப் பின்னால். ஆதாரில் அப்பா பெயர், ரேஷன் கார்டில் கணவர் பெயர். சீட்டில் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள், நிக்ஷய் எண்ணையோ 14 இலக்க ஆபா (தேசிய சுகாதார அடையாள) எண்ணையோ பெரிதாக எழுதுங்கள், மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதிய சீட்டை வண்டன்மேட்டு நர்ஸ் சேச்சி என்ன செய்வார்? சீட்டை அந்தப் பெண்ணின் போனிலேயே படம் எடுத்துவிடுங்கள். காகிதம் முதல் மழையில் கரைந்துவிடும். போன் நம்பர் கேட்கும்போது அது யாருடையது என்றும் கேளுங்கள். பல நம்பர்கள் ஜீப் டிரைவருடையதாகவோ கங்காணியுடையதாகவோ இருக்கும். அந்த நம்பருக்கு அழைத்துச் சளி ரிசல்ட் சொன்னால் மறுநாள் அவருக்கு ஜீப்பில் இடம் இருக்காது.

மாத்திரையை நிறுத்துவதற்குத் தோட்டத்தில் தக்க காரணங்கள் உண்டு. மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் 500 மி.கி.யாக இரவுச் சாப்பாட்டோடு ஆரம்பிக்கும்படி டாக்டரிடம் பேசிவையுங்கள். சிறுநீர் கூட்டும் பிரஷர் மாத்திரையும் அதே காரணத்தால் நின்றுபோகும். அம்லோடிபினில் கால் வீங்கும்; நாளெல்லாம் சரிவில் நிற்பவர் கிட்னி போய்விட்டது என்று பயப்படுவார். இதெல்லாம் மாத்திரையால் வரலாம், வந்தால் நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் இறங்கி மயக்கம் வரும், சரிவில் உருண்டுவிடுவார். மடியில் கொஞ்சம் வெல்லம் இருக்கட்டும். காசநோய் மாத்திரையில் சிறுநீர் செம்மஞ்சளாகும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் பகல் நேரத்தில் வீட்டில் யாருமில்லை. இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை, மாலையில் தட்டினால் போதும், அல்லது ஸ்டாண்டில் கொடுத்துவிடலாம். கேரளப் பக்கம் லயத்தில் தங்குகிறவர்களுக்கு அங்குள்ள ஆஷா என்னும் ஊர்ச் சுகாதார ஊழியரையும் குடும்ப ஆரோக்கிய மையத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து நர்சுகளும் ஒருவர் நம்பரை ஒருவர் போனில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

முகாம் நோட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற பத்தி எப்போதும் உண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்தி போடுங்கள்: இரண்டாவது நாள் அளவு, சிகிச்சை தொடங்கிய தேதி, முப்பதாவது நாள் வந்தாரா. ஊருக்கு வெளியே காட்டும் கணக்கு கடைசிப் பத்தியாக இருக்கட்டும், அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். முப்பதாவது நாளைக் குறிக்கும்போது தோட்டத்து நாட்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை போகும். மாசி முடிந்ததும் தங்கி வேலை செய்தவர்கள் ஊர் இறங்குவார்கள், சிலர் திராட்சைத் தோட்டத்துக்குப் போவார்கள். அந்த வாரத்தில் இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து, வண்டன்மேட்டு நோட்டில் உள்ள பெயர்களைக் கம்பத்து நோட்டுக்கு மாற்றி எழுதிவிட வேண்டும்.